சட்டைப்பையில் 3 ஆயிரம் பாட்டு! பரணில் கிடக்கும் கேசட்டுகளை இப்போதே மாற்றி வையுங்கள்

சித்தூரிலோ திருப்பதியிலோ பல காலமாகக் குடியிருக்கும் தமிழர் வீட்டுப் பரணைத் துழாவிப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் அட்டைப் பெட்டி கிடைக்கும். உள்ளே முப்பது, நாற்பது கேசட்டுகள் இருக்கும்.

கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு கொஞ்சம். ரேடியோவில் வந்தபோது பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்தது கொஞ்சம். அக்கா கல்யாணத்து நாதஸ்வரம் ஒன்று. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போன மாமா கடிதம் எழுதுவதற்குப் பதிலாகப் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிற ஆள் மூலம் கொடுத்தனுப்பிய கேசட் ஒன்றிரண்டு. பாட்டி பாடிய தாலாட்டும் அதில் எங்காவது இருக்கும்.

கேசட் இருக்கிறது. ஓட்டிக் கேட்கத்தான் டேப் ரிக்கார்டர் இல்லை. இருந்தாலும் பெல்ட் அறுந்து கிடக்கும். பழுது பார்க்கிறவர்களும் குறைந்து போனார்கள்.

அந்தப் பெட்டி முழுவதையும் தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியில் அடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள இன்று வழி இருக்கிறது. எம்.பி.3 பிளேயர் என்று அதற்குப் பெயர். அதில் பாட்டு ஏற்றுவது எப்படி, என்ன பார்த்து வாங்குவது, கேசட்டில் இருப்பதை அதற்குள் கொண்டுவருவது எப்படி என்பதைப் பார்ப்போம். கேசட் பெட்டி இல்லாத வாசகர்களுக்கும் இதில் விஷயம் உண்டு.

செல்போன் இருக்க இது எதற்கு?

"ஏண்ணே, கையில் செல்போன் இருக்கிறது. அதில் இல்லாத பாட்டா? இதற்கென்று தனியாக ஒரு டப்பா வேண்டுமா?" என்று எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இன்டர்நெட் மலிந்துவிட்டது. பாட்டைச் சேர்த்து வைப்பதை மக்கள் விட்டுவிட்டார்கள். வேண்டும்போது போனில் தட்டினால் பாட்டு வருகிறது. ஆனால் அந்தப் பாட்டு நம்முடையது அல்ல. வாடகை வீட்டில் வைத்த தென்னம்பிள்ளை மாதிரி.

ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏர்டெல் நிறுவனம் தன் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக அறிவித்தது. அவற்றில் வருஷக்கணக்காகப் பொறுக்கிச் சேர்த்து, "டவுன்லோடு" செய்து வைத்திருந்தவர்கள் என்ன செய்ய முடியும்? அந்தப் பாட்டு அந்தச் செயலிக்குள் மட்டும்தான் பாடும். எடுத்து வேறு கருவியில் போட முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். கடையை மூடினால் பாட்டும் போயிற்று.

இன்னொன்று, பாட்டரி. திருப்பதி லாட்ஜுகளில் இரவுப் பணி பார்க்கிறவர்கள், வாட்ச்மேன் வேலையில் இருப்பவர்கள், காட்பாடி–பாகாலா–திருப்பதி பாதையில் தினமும் போய் வரும் நம் குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் போனில் சார்ஜ் இருந்தாக வேண்டும். ஊரிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால் எடுக்க வேண்டாமா? பாட்டுக்கென்று தனிக் கருவி இருந்தால் போன் போனாக இருக்கும். ஓடும் ரெயிலில் சிக்னல் போய்ப் போய் வரும். பிளேயருக்கு அந்தக் கவலை கிடையாது.

வயதானவர்கள் விஷயம் தனி. தொடுதிரையில் விரல் வைத்தால் எங்கேயோ போய்விடுகிறது என்று என் மாமியார் அலுத்துக்கொள்வார். பொத்தான் வைத்த கருவி என்றால் இருட்டிலும் தடவிப் பார்த்து அமுக்கிவிடுவார். இதைக் கண்டுகொண்டுதான் சரிகமா நிறுவனம் 2017-ல் "கார்வான்" என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. உள்ளேயே 5 ஆயிரம் பாட்டு. தமிழ்ப் பாட்டுக்கென்றே தனிப் பெட்டியும் வந்தது. வீட்டில் வைத்துக் கேட்க நல்ல சாமான். ஆனால் உள்ளே இருப்பது அவர்கள் பொறுக்கிய பாட்டு. வெளியே எடுக்க முடியாது. நம் பாட்டைக் கேட்க பென் டிரைவ் செருக இடம் வைத்திருக்கிறார்கள். அந்த பென் டிரைவில் என்ன போடுவது என்பது நம் பாடு.

ஜப்பானில் ஆரம்பித்த கதை

ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கேசட்டை வெளியிட்டது. ஜப்பானின் சோனி கம்பெனி 1979 ஜூலையில் "வாக்மேன்" கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடந்துகொண்டே தனக்கு மட்டும் பாட்டுக் கேட்கலாம் என்ற பழக்கம் உலகமெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான்.

நாடாவே இல்லாத பிளேயர் 1998-ல் தென் கொரியாவிலிருந்து வந்தது. எம்.பி.மேன் என்று பெயர். 32 மெகாபைட் கொள்ளளவு. அதாவது அரை மணி நேரப் பாட்டு. ஏழெட்டுப் பாட்டுத்தான் பிடிக்கும்! 2001 அக்டோபரில் அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி "ஐபாட்" கருவியை அறிமுகப்படுத்தி, ஆயிரம் பாட்டு பையில் என்று விளம்பரம் செய்தது. இருபது வருஷம் ஓடிய அந்தக் கருவியை 2022 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். ஆனால் மற்றக் கம்பெனிகளின் சிறு பிளேயர்கள் இன்றும் கிடைக்கின்றன.

பாட்டைச் சுருக்கும் எம்.பி.3 என்ற முறையை உருவாக்கியதில் ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் தத்துவம் நம் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு எளிதில் புரியும். தவில் ஓங்கி அடிக்கும் அந்தக் கணத்தில் பக்கத்தில் சுருதிப் பெட்டி ஒலிப்பது காதில் விழுகிறதா? விழுவதில்லை. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மறைத்துவிடுகிறது. எப்படியும் காது கேட்காத அந்தப் பகுதிகளைக் குறைத்து எழுதிக்கொண்டால் பாட்டு சிறுத்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

கணக்கு என்ன?

ரெயில்வே குமாஸ்தாவுக்குக் கணக்குப் பார்க்காமல் தூக்கம் வராது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சி.டி.யில் உள்ளபடியே பாட்டைச் சேமித்தால் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் வேண்டும். எம்.பி.3-ல் 128 என்ற தரத்தில் வைத்தால் நிமிஷத்துக்கு ஒரு மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஐந்து நிமிஷப் பாட்டுக்கு ஐந்து மெகாபைட் போதும். 16 ஜி.பி. மெமரி கார்டில் 3 ஆயிரம் பாட்டு தாராளமாக அடங்கும். 320 என்ற உயர்ந்த தரத்தில் வைத்தால் பாட்டுக்கு 12 மெகாபைட். அதே கார்டில் சுமார் 1,300 பாட்டு.

எது நல்லது? இயர்போனில் ரெயில் சத்தத்துக்கு நடுவே கேட்கிறவருக்கு 128-க்கும் 320-க்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம். வீணைக் கச்சேரி கேட்கிறவர்கள் 320-ல் வைத்துக்கொள்ளட்டும். வெறும் பேச்சு என்றால் 64 போதும்.

வாங்கும்போது கவனிக்க

கார்டு செருகும் வசதி உள்ள பிளேயராக வாங்குங்கள். உள்ளேயே நினைவகம் உள்ளது பழுதானால் பாட்டும் அதோடு போகும். கார்டு என்றால் உருவி வேறு பிளேயரில் போட்டுக்கொள்ளலாம். எத்தனை ஜி.பி. கார்டு வரை ஏற்கும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மலிவான பிளேயர்கள் பல 32 ஜி.பி.க்கு மேல் படிக்காது. அதைவிடப் பெரிய கார்டுகள் வேறு முறையில் பதப்படுத்தப்பட்டு வருவதுதான் காரணம்.

நடைபாதையில் விற்கும் பெரிய பெரிய கார்டுகளை நம்ப வேண்டாம். மேலே ஒரு கொள்ளளவு அச்சடித்திருக்கும். உள்ளே அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பாட்டு ஏறுகிற மாதிரியே காட்டும். பாதிக்கு மேல் போட்டுக் கேட்டால் பாடாது. புதுக் கார்டு வாங்கினால் முதல் நாளே முழுவதும் நிரப்பி, கடைசியாக ஏற்றிய பாட்டு ஒழுங்காகப் பாடுகிறதா என்று சோதித்துவிடுங்கள். மாற்றித் தருவாரா என்பது அதற்குள் தெரிந்துவிட வேண்டும்.

பழைய ஐபாட் செகண்ட்ஹேண்டில் கிடைக்கிறது என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் மற்றப் பிளேயர் மாதிரி பாட்டை நேரே இழுத்துப் போட முடியாது. அந்தக் கம்பெனியின் ஐடியூன்ஸ் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். பாட்டரியும் வயதாகியிருக்கும்.

பாட்டு ஏற்றுவது எப்படி?

பிளேயரைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்தால் அது ஒரு பென் டிரைவ் மாதிரி திரையில் தெரியும். பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து "காப்பி" செய்து, பிளேயரில் "பேஸ்ட்" செய்ய வேண்டியதுதான். முடிந்ததும் கேபிளை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. "இஜெக்ட்" கொடுத்துவிட்டு எடுக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கார்டில் உள்ள மொத்தப் பட்டியலும் கெட்டுப்போக இடம் உண்டு.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஓ.டி.ஜி. என்ற சிறு இணைப்பானும் கார்டு ரீடரும் வாங்கிக்கொண்டால் செல்போனிலேயே கார்டைச் செருகி, போனில் உள்ள பாட்டை அதற்கு மாற்றலாம். நம் தொழிலாளர் அறைகளில் நாலு பேருக்கு ஒரு கார்டு ரீடர் இருந்தால் போதும்.

பாட்டுக்குப் பெயர் வைப்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். மலிவான பிளேயர் பலவற்றில் தமிழ் எழுத்து தெரியாது. கட்டம் கட்டமாக வரும். ஆகவே பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது உசிதம். எந்த வரிசையில் பாட வேண்டுமோ அந்த வரிசைக்குத் தகுந்தபடி பெயரின் முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் சில பிளேயர் 1-க்கு அடுத்து 10-ஐப் பாடும்! பக்திப் பாட்டு, பழைய பாட்டு, குழந்தைகளுக்கு என்று தனித்தனி போல்டர் வைத்தால் தேடுவது சுலபம்.

2000-க்குப் பிறகு வந்த "எம்.பி.3 சி.டி."கள் பல வீடுகளில் இருக்கும். ஒரு தட்டில் 150 பாட்டு என்று விற்றார்களே, அதுதான். அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டு அப்படியே காப்பி செய்துவிடலாம். கீறல் விழுந்த தட்டுகளை முதலில் பாருங்கள். அவை நாளைக்குப் படிக்காமல் போகும்.

கேசட்டிலிருந்து மாற்றுவது

இதுதான் உழைப்புள்ள வேலை. குறுக்கு வழி கிடையாது. 60 நிமிஷக் கேசட்டை மாற்ற 60 நிமிஷம் ஆகும். ஓடித்தான் தீர வேண்டும். நாற்பது கேசட் என்றால் நாற்பது மணி நேரம். என் தகப்பனார் சேர்த்து வைத்துப்போன கேசட்டுகளை ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வீதம் ஓட்டி முடித்தேன். மழைக்காலம் முழுவதும் வீட்டில் கே.வி. மகாதேவனும் எம்.எஸ். விஸ்வநாதனும்தான்.

முதலில் நன்றாக ஓடும் டேப் ரிக்கார்டர் ஒன்று வேண்டும். சொந்தக்காரர், அக்கம்பக்கம் யாரிடமாவது இருக்கும், விசாரியுங்கள். கேசட்டை உள்ளே தள்ளுவதற்கு முன்னால் அதன் பின்பக்க விளிம்பைப் பாருங்கள். இரண்டு சிறிய பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கை தவறி "ரிக்கார்டு" பொத்தானை அமுக்கினாலும் அழியாது. பாட்டியின் குரல் இருக்கும் கேசட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

டேப் ரிக்கார்டரின் ஹெட்டைப் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பழுப்பு நிறத்தில் அழுக்கு வரும். நாடாவின் மேல் பூசிய இரும்புத் துகள்தான் உதிர்ந்து ஒட்டியிருக்கிறது. அழுக்கு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பல வருஷம் அசையாமல் கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். எடுத்தவுடன் பாட வைக்காமல், கடைசி வரை ஒரு முறை ஓட்டித் திரும்பச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். நாடா வெளியே தொங்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. வெள்ளையாகப் பூஞ்சை பிடித்ததை மட்டும் நல்ல கருவியில் போட வேண்டாம். அதற்குத் தெரிந்தவரைப் பார்ப்பது நல்லது.

குரல் மந்தமாக, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவது போலக் கேட்டால் பெரும்பாலும் ஹெட்டின் சாய்மானம் சரியில்லை என்று அர்த்தம். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்குரூவைப் பாட்டு ஓடும்போதே இப்படியும் அப்படியும் லேசாகத் திருகினால் ஓர் இடத்தில் குரல் பளிச்சென்று திறக்கும். பழைய மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்.

அடுத்து இணைப்பு. டேப் ரிக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் "லைன் இன்" துளைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முனை உள்ள ஒயர் போட வேண்டும். இக்கால லேப்டாப்புகளில் பெரும்பாலும் மைக் துளைதான் இருக்கும். அதில் நேரே கொடுத்தால் குரல் கரகரக்கும். யு.எஸ்.பி.யில் செருகும் சவுண்டு அடாப்டரில் "லைன் இன்" உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கேசட்டிலிருந்து நேரே பென் டிரைவில் பதிவு செய்யும் டேப் பெட்டியும் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு அது வசதி.

பதிவு செய்ய "ஆடாசிட்டி" என்ற புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. பாட்டின் உச்சத்திலும் அளவுகாட்டி சிவப்பைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த இடம் உடைந்துவிடும். பிறகு எதுவும் செய்ய முடியாது. சற்றுத் தாழ்வாகப் பதிவானால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

"உஸ்" என்ற நாடா இரைச்சலை நீக்கும் வசதியும் அந்தப் புரோகிராமில் உண்டு. அளவோடு பயன்படுத்துங்கள். அதிகம் துடைத்தால் பாடுகிறவரின் சகரமும் சேர்ந்து போய்விடும். இரைச்சல் இருந்தால் இருக்கட்டும் என்பது என் கட்சி.

முடிந்ததை இரண்டு விதமாகச் சேமிக்க வேண்டும். சுருக்காத "வேவ்" வடிவில் ஒன்று. இது மூலப் பிரதி. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு சுமார் 600 மெகாபைட் ஆகும். பிளேயருக்கு எம்.பி.3 வடிவில் மற்றொன்று. மூலப் பிரதியை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒன்று இங்கே இருந்தால் மற்றொன்று வேலூரிலோ ஆம்பூரிலோ உள்ள தங்கை வீட்டில் இருக்கட்டும். மெமரி கார்டு நாள்பட்டால் சொல்லாமல் கொள்ளாமல் கண்ணை மூடிவிடும்.

"இவ்வளவு எதற்கு, கடையில் கொடுத்துவிடலாமே" என்பவர்களுக்கு, தெரிந்த ஒருவரின் அனுபவம் இது. தன் கல்யாணக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் டேப் ரிக்கார்டரைப் பாட வைத்து, அதன் முன்னால் செல்போனை வைத்துப் பதிவு செய்து கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் கெட்டிமேளத்துக்கு நடுவே பஸ் ஹாரன்! ஒயர் போட்டுப் பதிவு செய்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செப்பேட்டில் ஏறாத குரல்

பாட்டை ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு மாற்றும் வேலை திருப்பதிக்குப் புதிது அல்ல. 1408 முதல் 1503 வரை வாழ்ந்த அன்னமாச்சாரியார் திருமலையானைப் பாடிய தெலுங்குப் பாடல்களை அவர் குடும்பத்தார் செப்பேடுகளில் வெட்டி, திருமலைக் கோயிலில் ஒரு கல் அறையில் வைத்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தகடுகள். காலப்போக்கில் அவற்றைக் கவனிப்பார் இல்லை. 1920-களில்தான் வெளியே வந்து, பிறகு புத்தகமாயின. இன்று திருமலை–திருப்பதி தேவஸ்தானம் அன்னமாச்சாரியார் பாடல்களுக்கென்றே தனித் திட்டம் நடத்துகிறது. 1978-ல் தொடங்கியது.

பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களின் சொல் கிடைத்தது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பெயர் இருந்தது. ஆனால் அவர் அதை எப்படிப் பாடினார் என்பது கிடைக்கவில்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற வித்வான்கள் பல பாடல்களுக்குப் புதிதாக மெட்டமைத்தார்கள். நாம் இன்று கேட்பது அப்படி அமைந்த மெட்டுகளைத்தான். செம்பு சொல்லைக் காப்பாற்றியது. மெட்டையும் குரலையும் காப்பாற்ற அதனால் முடியவில்லை.

பிற்காலத்தில் கிராமபோன் வந்தது. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பாடிய "மதுரா நகரிலோ" ஜாவளி இசைத்தட்டில் ஏறி ஊர் ஊராகப் போயிற்று. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வெங்கடேச சுப்ரபாதம் 1963-ல் இசைத்தட்டாக வந்தது. பிறகு கேசட்டானது, சி.டி. ஆனது, இன்று போனில் ஒலிக்கிறது. பெயர்பெற்ற பாட்டை நாலு முறை தூக்கிச் சுமக்கக் கம்பெனி இருந்தது.

மாமாவின் கேசட் கடிதத்தை எந்தக் கம்பெனி சுமக்கும்? "அம்மாவை டாக்டரிடம் காட்டினீர்களா, மேலண்டை நிலத்துக்குத் தண்ணீர் பாய்கிறதா" என்று அவர் கேட்டது உலகத்தில் அந்த ஒரு நாடாவில்தான் இருக்கிறது. சினிமாப் பாட்டு எங்காவது கிடைத்துவிடும். ஆகவே பெட்டியைத் திறந்தால் முதலில் ஓட்ட வேண்டியது கடையில் வாங்கிய கேசட்டை அல்ல. கையெழுத்தில் பெயர் எழுதிய கேசட்டை.

ஓட்டும்போது வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். யார் குரல், எந்த வருஷம், யார் வீட்டு விசேஷம் என்று அவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கேட்டு நோட்டில் எழுதி, பைலின் பெயரிலும் சேர்த்துவிடுங்கள். "டிராக் 07" என்று விட்டுவிட்டால் பேரப்பிள்ளைகள் அதை வேண்டாத சாமான் என்று அழித்துவிடுவார்கள். மாற்றியான பிறகு கேசட்டையும் வீசி எறிய வேண்டாம். வெயில் படாமல், காந்தம் உள்ள ஸ்பீக்கரின் அருகில் இல்லாமல் நிறுத்தி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் பதிவு செய்த குரலுக்குத் தடை ஏதும் இல்லை. விலைக்கு வாங்கிய கேசட், சி.டி. என்றால்? 1957-ம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தின் 52-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை மீறலாகக் கருதுவதில்லை. நாம் வாங்கியதை நம் பிளேயரில் போட்டு நாமே கேட்பது அந்த வகையில் சேரும் என்று கொள்ளலாம். அமெரிக்காவில் "ரியோ" என்ற பிளேயரின் மீது இசைத்தட்டுக் கம்பெனிகள் போட்ட வழக்கு 1999-ல் அப்பீல் கோர்ட்டில் தோற்றது. தன்னிடம் உள்ள பாட்டைத் தன் கருவிக்கு மாற்றிக்கொள்வது சொந்த உபயோகமே என்று கோர்ட்டு சொன்னது.

ஆனால் காப்பி எடுத்து விற்பது வேறு. "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று ஒரு காலத்தில் செல்போன் கடைதோறும் போர்டு தொங்கியது நினைவிருக்கும். உரிமை இல்லாமல் அப்படி விற்றால் 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அது அவர்கள் மறைவுக்குப் பின் 60 ஆண்டு.

காதும் தண்டவாளமும்

இயர்போன் சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு சொல்லியிருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் சத்தம் கூட்டினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாத அளவுக்கு வைத்தால் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரெயில்வேயில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். இயர்போனை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்காதீர்கள். மின்சார எஞ்சின் பின்னால் வருவது வெறும் காதுக்கே சட்டென்று தெரிவதில்லை. அதேபோல் பெட்டிக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி பாட்டு வைக்க வேண்டாம். இயர்போன் இல்லாமல் உரக்கப் பாட்டு வைக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலேயே ரெயில்வே உத்தரவு போட்டிருக்கிறது.

திருமலைக்கு நடந்து போகிறவர்கள் அலிபிரியிலிருந்து 3,550 படிக்கும் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஏறலாம். ஆனால் கோயிலுக்குள் செல்போனைப் போலவே பிளேயருக்கும் அனுமதி இல்லை. வரிசைக்குப் போகுமுன் பொருள் பாதுகாக்கும் கவுண்ட்டரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். இயர்போன் ஒயரைப் பிளேயரோடு சேர்த்து ஒரே பையில் போட்டுக் கொடுங்கள்; தனித்தனியாகக் கொடுத்தால் தேடி வாங்குவது சிரமம்.